அங்க இப்ப என்ன காலம்?

வெள்ளை அங்கிக்கும் அதன்மேல் கிடந்த ஊதாப் போர்வைக்கும் உள்ளே, கால்சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தபோது அமலதாஸ் சாமியார் நான்காவது வரிசையின் மூன்றாவது கல்லறைக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. மூன்று தரம் உதறி முடித்து, கல்லறையின் பக்கத்தில் கைகோத்து நின்ற கிழவருக்கும் அவர் மகளுக்கும் தலையசைத்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். துணிக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி அது தொடையில் துடித்துக்கொண்டே இருந்தது. ஆறு, ஏழு, எட்டு. நின்றுவிட்டது. தங்கச்சி ஸ்டெல்லாவாகத்தான் இருக்கும். இங்கே மதியம் இரண்டேகால் என்றால் பொன்மலைப்பட்டியில் ஆறே முக்கால். விளக்குப் போட்டிருப்பாள், கதவைச் சாத்தியிருப்பாள், ஐப்பசி மழை சாரலடிக்கும். காலையில் அவள் அனுப்பிய செய்தியை அவர் ஐந்து தடவை படித்திருந்தார். "அப்பாவுக்கு இழுக்குதுண்ணா. ஆஸ்பத்திரில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. நீங்க பூசை முடிச்சிட்டுக் கூப்பிடுங்க." பூசை முடிந்து மூன்று மணி நேரமாகிறது. கூப்பிடவில்லை. முதலில் காபி குடிக்கலாம் என்று நினைத்தார், பிறகு ரொட்டி தின்னலாம் என்று, பிறகு மேலங்கியில் கிடந்த மெழுகுக் கறையைச் சுரண்டலாம் என்று. நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு மணி நேரம் போயிருந்தது. இழுக்குது. எதை எது இழுக்கிறது? அப்பா மூச்சை இழுக்கிறாரா, மூச்சு அப்பாவை இழுக்கிறதா? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்துநாலு வருஷம் ஃபிட்டராக இரும்புத் தூள் சுவாசித்த மனுஷன். சுவாசித்ததையெல்லாம் திருப்பிக் கேட்கிறார்களோ என்னவோ. ச்சே, என்ன நினைப்பு இது, அடுத்த கல்லறை, அடுத்த கல்லறை.

பதினோரு வரிசை. சகல புனிதர் திருநாளான நவம்பர் ஒன்றாம் தேதி மதியம் பவேரியாவின் இந்தச் சின்ன ஊரில் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து அவரவர் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்கள். சாமியார் வரிசை வரிசையாக நடந்து மந்திரிப்பார். யாரும் பேசமாட்டார்கள், அழமாட்டார்கள், பக்கத்துக் கல்லறையை எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். இரண்டு வாரமாகக் கூட்டிப் பெருக்கி, ஊசியிலைக் கிளைகளை விரிப்பு மாதிரி வெட்டி அடுக்கி, சிவப்புக் கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுவர்த்தி வைத்து, உதிர்ந்த ஒரு இலை கிடந்தாலும் குனிந்து எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்கிற ஜனங்கள். பொன்மலையில் நாளைக்குத்தான் கல்லறைத் திருநாள். அங்கே சேறு. அங்கே குடை. சுண்ணாம்பு அடித்த கல்லறைமேல் மழை விழுந்து வெள்ளையாய் ஓடும், மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போக அப்பா குடையை மனுஷருக்குப் பிடிக்காமல் மெழுகுவர்த்திக்குப் பிடிப்பார், ஒரு பக்கம் ஒப்பாரி, ஒரு பக்கம் பொட்டலம் பிரித்துக் கடலை தின்கிற பிள்ளைகள், மைக்கில் பங்குச் சாமியார். போன வாரம்கூட ஃபோனில், "அம்மா கல்லறைக்கு வெள்ளையடிச்சேன் சாமி, மழைல காயவே மாட்டேங்குது" என்றார். சாமி. குருப்பட்டம் வாங்கிய அன்றைக்கு ஆரம்பித்தது அது. காலையில் "டேய் அமலு, முடிய ஒழுங்கா சீவுடா" என்று சொன்ன அதே வாய், சாயங்காலம் அவர் கையை முத்தி செய்து "வாங்க சாமி" என்றது. பதினாறு வருஷமாக அந்த 'வாங்க' மாறவில்லை. வீட்டுக்குப் போனால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். உக்காருங்கப்பா என்றால் உட்காருவார், ஆனால் விளிம்பில்.

யோசிப் பக்கத்தில் தீர்த்த வாளியோடு நடந்தார். கோயில்பிள்ளை வேலை பார்க்கும் குரோஷியாக்காரர், அறுபது வயது, பேச்சு குறைவு. அமலதாஸ் இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் இலையுதிர் காலத்தைப் பற்றி யோசிப்தான் முதலில் ஏதோ சொன்னார். எங்கள் பக்கத்தில் இன்றைக்கு சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க விளக்கு, மலைமேலிருந்து பார்த்தால் ஊர் தெரியாது கல்லறைதான் தெரியும், வெளியூரில் இருப்பவன் எல்லாம் வண்டி பிடித்து வந்துவிடுவான் என்றார். நீங்கள் போகவில்லையா என்று கேட்டதற்கு, வாளியை யார் தூக்குவது என்றார். ரொட்டிக் கடையில் வேலை செய்கிற சிரியாக்காரப் பெண்ணுக்கு இது ஆலிவ் பறிக்கிற காலம், முதல் மழை மண்ணில் விழுகிற வாசனை, இங்கே எல்லாரும் ஏன் இப்போது போய்ச் சோகமாகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. பால் பண்ணைக்காரர்களுக்குப் பரங்கிக்காயைப் பலிபீடத்து முன்னால் குவித்து நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற காலம். அமலதாஸுக்கு என்ன காலம் என்று அவருக்கே தெரியவில்லை. ஊரில் இலை கொட்டுவது மாசியில். அது கொட்டினால் வெயில் வரப்போகிறது என்று அர்த்தம். இங்கே கொட்டினால் வெயில் போகிறது. உடம்புக்கு அது விளங்க ஒன்பது வருஷம் போதவில்லை, அக்டோபர் வந்தால் ஏதோ ஒன்றை எங்கோ வைத்து மறந்துவிட்ட மாதிரி பரபரவென்று இருக்கும், வீட்டுக்குள் அறை அறையாகப் போய் நிற்பார். வந்த முதல் வருஷம் இந்தப் பங்கைச் சேர்ந்த ஆஷன்பிரென்னர் அம்மாளின் பிறந்தநாளுக்கு ஒரு தொட்டிச் சாமந்தி வாங்கிக்கொண்டு போனார். மஞ்சள் சாமந்தி, ஸ்டெல்லா தலையில் வைக்கிற மாதிரி. அந்தம்மாள் கதவைத் திறந்து பூவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், "நான் இன்னும் சாகவில்லை ஃபாதர்" என்றாள். இங்கே அது கல்லறைப் பூ. அப்போதிருந்து அந்தம்மாளைக் கண்டால் அவர் தெருவின் மறுபக்கத்துக்கு மாறிவிடுவார். போன தவக்காலத்தில் பூசை நடுவில் அவர் ஃபோன் அலறியபோது ஆயர் இல்லத்துக்குக் கடிதம் எழுதியதும் அவள்தான். ஒன்றரைப் பக்கம். ஆயர் இல்லத்தில் அதைச் சிரித்துக்கொண்டேதான் காட்டினார்கள், ஆனாலும் காட்டினார்கள்.

ஐந்தாவது வரிசை முடிந்தது, ஆறாவதில் குழந்தைகளின் கல்லறைகள், காற்றாடிகள் சுற்றாமல் நின்றன. பனிமூட்டம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. திரும்ப அதிர்ந்தது. ஒன்று, இரண்டு. எடுத்தால் என்ன? எடுத்தால் தெரிந்துவிடும். எடுக்காவிட்டால் தெரியாது, தெரியாத வரைக்கும் அப்பா இருக்கிறார். சின்னப்பிள்ளைக் கணக்குதான், ஆனால் அந்தக் கணக்கை விட மனசு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அதை அப்பாவிடம் சொன்னபோது, "ஒரு மணி நேரத்தத் திருப்பிக் குடுத்தாங்களா?" என்று இருமி இருமிச் சிரித்தார், "அத என்ன பண்ணீங்க சாமி?" தூங்கினேன் என்று சொன்னார். நிஜமாகவே தூங்கத்தான் செய்தார். ஆனால் தள்ளிய பிறகு ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேரமாகிவிட்டது, அதுவரைக்கும் மூன்றரை, அப்பா இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டார் என்று அன்றைக்குத் தோன்றி, தோன்றியதை அப்படியே விட்டுவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவின் கேள்வி ஒன்றேதான். அங்க இப்ப என்ன காலம்? "குளிருதுப்பா." சரிங்க சாமி, ஸ்டெல்லாட்ட குடுக்கறேன். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு தடவை குளிருதுப்பா. வெயில்காலத்தில்கூட ஒருதரம் வாய்ப்பழக்கத்தில் குளிருதுப்பா என்று சொல்லியிருக்கிறார். எட்டு, ஒன்பது. நின்றுவிட்டது. நின்றதும்தான் பயம் வந்தது, முதுகுத்தண்டில், தீர்த்தத் தண்ணீரை யாரோ காலருக்குள் ஊற்றிய மாதிரி. அம்மா போனபோதும் இப்படித்தான் அதிர்ந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், பெரிய வியாழன். மூன்று ஊருக்கு ஒரே சாமியார், மறுநாள் பெரிய வெள்ளி, அடுத்தது ஈஸ்டர் பாஸ்கா. அப்பா கேட்டார், "ஐஸ் பெட்டில வைக்கட்டுங்களா, இல்ல நாளைக்கே எடுத்துரலாங்களா?" அமலதாஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, எடுத்துருங்கப்பா, என்னால வர முடியாது என்றார். வர முடியாதா? விமானம் இருந்தது. டிக்கெட் இருந்தது. கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள், அவர் கேட்கவே இல்லை. கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது, வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, கறுப்புச் சாமியார் வேலைக்கு ஆகமாட்டார் என்று சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது. அப்பா "சரிங்க சாமி" என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். திட்டியிருக்கலாம். சாமியாரை எப்படித் திட்டுவார்?

ஏழாவது வரிசையின் முதல் கல்லறை ஆஷன்பிரென்னர் அம்மாளின் புருஷனுடையது. அவள் கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, தடியை ஊன்றி நின்றிருந்தாள். பக்கத்தில் யாருமில்லை. அவர் தெளிப்பதற்குக் கையைத் தூக்கியபோது மூன்றாவது தடவை அதிர்ந்தது. அந்த நிசப்தத்தில் அது வெளியேயும் கேட்டது. கை தூக்கியபடியே நின்றது. தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. யோசிப் அவர் முகத்தைப் பார்த்தார். அந்தம்மாளும் பார்த்தாள்.

"உங்கள் ஃபோன்" என்றாள்.

"மன்னிக்கணும். அணைத்து வைத்திருக்க வேண்டும். ஊரில் என் அப்பா..." மேலே ஜெர்மன் வரவில்லை. இழுக்குது என்பதற்கு அந்த மொழியில் சொல் கிடைக்காமல் நெஞ்சில் கையை வைத்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார்.

அந்தம்மாள் தடியால் கல்லறையைக் காட்டினாள். "எடுங்கள். இவர் பத்தொன்பது வருஷமாக இங்கே படுத்திருக்கிறார். இன்னும் பத்து நிமிஷம் படுத்திருப்பார்."

ஊதாப் போர்வையைத் தூக்கி, அங்கியைத் தூக்கி, பைக்குள் கைவிடுவதற்குள் நின்றுவிடுமோ என்று பதறினார். நிற்கவில்லை. "அண்ணா," என்றாள் ஸ்டெல்லா. "எங்கண்ணா இருக்கீங்க? கண்ணு தொறந்திருக்கார். பேச்சில்ல. பங்குச் சாமி வந்து அவஸ்தை எண்ணெய் பூசிட்டுப் போயிட்டார். காதுல வைக்கறேன், ஏதாவது பேசுங்க." அவர் பதில் சொல்லும் முன்னால் அங்கே எதுவோ உரசியது, பிறகு மழைச் சத்தம், பிறகு அந்த மூச்சு. சுவரில் மரப்பலகையை இழுப்பது மாதிரி ஒரு இழுப்பு. நீண்ட இடைவெளி. இன்னொரு இழுப்பு. சாகப்போகிறவர்களின் படுக்கைக்குப் பக்கத்தில் எத்தனை தடவை மண்டியிட்டிருக்கிறார், அதற்கான செபம் இரண்டு மொழியிலும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். வாயைத் திறந்தார். வரவில்லை. சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும் என்று இருந்தது. "அப்பா, நான் அமலு" என்றார். இழுப்பு. "அங்க மழையாப்பா? கேக்குது." இழுப்பு. வரிசை வரிசையாக ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பார்வை எங்கே போவதென்று தெரியாமல் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்ற மேப்பிள் மரத்தில் போய் நின்றது.

"நீங்க கேப்பீங்கல்லப்பா, என்ன காலம்னு. நான் குளிருதுன்னு சொல்லிட்டு வச்சிருவேன். குளிர் மட்டும் இல்லப்பா. இங்க இப்ப இலை கொட்டுது. நம்ம குவார்ட்டர்ஸ் வாசல்ல வாதாங்கொட்ட மரம் இருந்துச்சுல்ல, மாசில செவக்குமே, நீங்க கூட்டி எரிப்பீங்க, அந்தச் செவப்பு. ஒரு மரம் இல்லப்பா. மல முழுக்க. மஞ்சளும் இருக்கு, தேன் கலர் இருக்கு. பத்து நாள்தான் இருக்கும், அதுக்காக வண்டி புடிச்சு வந்து பாப்பாங்க. எனக்கு மொத வருசம் பயமா இருந்துச்சு, எல்லாம் செத்துப்போகுதோன்னு. செத்துப்போகலப்பா. அப்படித்தான் நிக்கும்." இழுப்பு வந்ததா இல்லையா என்று காதை அழுத்தினார். வந்தது. "காத்தே வேணாம்ப்பா. காலைல வெயில் லேசா பட்டதும் தானா கழண்டு விழுது. சத்தம் இருக்காது. இப்ப ஒண்ணு விழுந்துச்சு. இன்னொண்ணு. யோசிப்பு தோள்ல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. அம்மா இத பாத்தா யாரு பெருக்குறதுன்னு கேப்பா. நான் அம்மாவுக்கு வந்திருக்கணும்பா. கேட்டிருந்தா விட்டிருப்பாங்க. நான் கேக்கல. பயந்துட்டேன். உங்ககிட்ட அத சொல்லவே இல்ல." அதற்கப்புறமும் ஏதேதோ சொன்னார். மெழுகுவர்த்திக் குவளையின் நிறம், பால் பண்ணையின் புகை, கடிகாரத்தைத் திருப்பிய கதை இரண்டாம் தடவை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல் மரத்துவிட்டது. ஒரு கட்டத்தில் அந்தப் பக்கம் மழை மட்டும் இருந்தது. அவர் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். மழை.

"அண்ணா," என்றாள் ஸ்டெல்லா, மெதுவாக. "போதும்ணா. போயிட்டார்." பிறகு, அழுகையை அடக்கிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது மாதிரி ஒரே மூச்சில், "ஐஸ் பெட்டிக்காரன் எட்டரை மணிக்குள்ள சொல்லணும்கறான். நாளைக்குத் திருநாள்ங்கறதால பங்குச் சாமி மத்தியானமே எடுத்துரலாமான்னு கேக்கறார். உங்களுக்கும் அங்க பூசை இருக்கும். என்ன செய்யட்டும்?" அவர், சித்த நேரத்தில் சொல்றேம்மா என்றார். ஃபோனை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். யோசிப் அதை வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "நீங்கள் உள்ளே போங்கள், ஜனங்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார் யோசிப். அமலதாஸ் மீதி வரிசைகளைப் பார்த்தார். இதையும் சேர்த்து ஐந்து வரிசை. மூக்கு சிவந்த குழந்தைகள், கையுறைக்குள் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிற கிழவர்கள். இவர்களும் ஏதோ ஒரு நாளில் யாரிடமோ எடுத்துருங்க என்று சொல்லியிருப்பார்கள். இல்லை, இங்கே எடுத்துருங்க என்று கேட்கவே மாட்டார்கள், இங்கே உடம்பு ஒரு வாரம் காத்திருக்கும், ஏழுநாள், பத்துநாள், எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு. காத்திருப்பதற்குக் குளிர் இருக்கிறது இவர்களுக்கு. எங்களுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு வரவேண்டும். போகிறேன் என்றால் யாரிடம் கேட்பது, எட்டரைக்கு இன்னும் எவ்வளவு நேரம், மூன்று ஊர்ப் பூசை, திரும்ப அதே ஜன்னல், அதே கூச்சம், ஆறு வருஷம் கழித்தும் அதே இடத்தில் நிற்கிற மாதிரி. வாளியில் தீர்த்தக் கோலை முக்கித் தெளித்தார். ஆஷன்பிரென்னருக்கு ஜெர்மனில் சொல்ல ஆரம்பித்த செபம் இரண்டாவது சொல்லிலேயே தமிழாகிவிட்டது. திருத்தப் பார்த்தார், ஜெர்மன் கிடைக்கவில்லை, ஒன்பது வருஷமாகச் சேர்த்தது முழுக்க எங்கோ போயிருந்தது. அப்படியே தமிழில் சொல்லி முடித்தார். ஆஷன்பிரென்னர் அம்மாள் தன் மொழியில் ஆமென் என்றாள். அடுத்த கல்லறைக்கும் தமிழ். அடுத்ததற்கும். சமாதானம் கிடைக்கட்டும் என்று தெரியாத பெயர்களுக்கெல்லாம், ஃபிராண்ட்ஸுக்கு, தெரேசியாவுக்கு, மூன்று நாள் மட்டும் இருந்த ஒரு குழந்தைக்கு, தமிழில் சொல்லிக்கொண்டு நடந்தார், அவர்கள் ஒவ்வொரு கல்லறையிலும் ஜெர்மனில் பதில் சொன்னார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலும் அவர் பார்த்திருக்கமாட்டார்.

பதினோராவது வரிசை முடிந்தபோது மணி நாலை நெருங்கியிருந்தது, ஊரில் எட்டரை. கோயிலுக்குள் அங்கி மாற்றும் அறையில் யோசிப் மேலங்கியின் கொக்கியைக் கழற்றிவிட்டு, ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். வாசலில் தடிச் சத்தம் கேட்டது. ஆஷன்பிரென்னர் அம்மாள் உள்ளே வரவில்லை, நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

"எப்போது அடக்கம்?" என்றாள்.

"தெரியவில்லை. நாளைக்கு இங்கே மூன்று பூசை இருக்கிறது."

"பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற பாதிரியார் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்."

"காரில் நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்றார் யோசிப், ஏற்கெனவே பேசிவைத்த மாதிரி.

"அந்த ஆளின் பிரசங்கம் நீளமாக இருக்கும்" என்றாள் அந்தம்மாள். "பரவாயில்லை. பொறுத்துக்கொள்கிறோம்."

அமலதாஸ் மறைமாவட்டத்து மேலதிகாரிக்கு அந்த அறையிலேயே நின்று ஃபோன் போட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. போங்கள் என்றார் அவர், ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்கிற குரலில். இவ்வளவுதானா? இந்த இரண்டு நிமிஷம்தானா அன்றைக்கு இல்லாமல் போனது? பெஞ்சில் உட்கார்ந்தார். ஷூவுக்குள் சாக்ஸ் நனைந்து கால் விறைத்திருந்தது. ஊர் எண்ணை அழுத்தினார், முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஸ்டெல்லா, ஐஸ் பெட்டி சொல்லிடும்மா. வச்சிருங்க. மூணாந்தேதி காலைல வந்துருவேன்."

"நிஜமாவாண்ணா? அங்க பூசைக்கு?"

"ஆள் இருக்கு."

அந்தப் பக்கம் ஒரே ஜனச் சத்தமாக இருந்தது, நாற்காலி இழுக்கிறார்கள், யாரோ சாமியானா கட்டச் சொல்லி மழையோடு மல்லுக்கு நிற்கிறார்கள். ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சினாள். "அப்ப பங்குச் சாமிட்ட சொல்லிடறேன். அடக்கப் பூசை நீங்களே வைப்பீங்கன்னு. மேடைக்குத் துணியெல்லாம் எடுத்து வைக்கணும்பாரு."

"இல்லம்மா. பூசைய அவரையே வைக்கச் சொல்லு. நான் தூக்கறேன்."

"என்னத்த?"

"பெட்டிய. முன்னாடி எடது பக்கம் எனக்கு வேணும். இப்பவே சொல்லி வச்சிரு, அப்புறம் சித்தப்பா பசங்க வந்து நின்னுக்குவாங்க."

அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வது அவருக்குக் கேட்டது: "முன்னாடி எடது பக்கம் எங்கண்ணனாம். யாரும் நிக்காதீங்க."